நரியின் காலில் என் கம்பி

புது மாப்பிள்ளைத் துரை அவர்களுக்கு, கட்டிலோடு கட்டிலாகிப் போன உன் நைனா எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு மருமகளை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னாய். வா, ராசா மாதிரி வா. ஆனால் வருவதற்கு முன்னால் ரெண்டு விஷயம். ஒன்று, நீயும் அந்தப் பெண்ணும் நம் நிலத்தின் மேற்கு வேலிப் பக்கம் போகக் கூடாது. ராத்திரி என்றில்லை, பகலிலும் கூடாது. ஏரியைக் காட்டுகிறேன் பேர்வழி என்று அவளை அந்த வழியாக இழுத்துக்கொண்டு போய்விடாதே. ரெண்டாவது, ஏன் போகக் கூடாது என்பது. அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். நீ வைக்காவிட்டால் நான் பாதியில் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. ஜோக் அடித்தாலும் அடுத்த வரியை எழுதித்தான் ஆக வேண்டும்.

என் நிலைமை உனக்குத் தெரியும். தை மாசம் வைக்கோல் லோடு மேலே நின்று கயிறு இறுக்கியவன், கயிறு அறுந்து ரோட்டில் விழுந்தேன். தொடையில் ராடு வைத்து, மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷம் லோடு வண்டியில் செங்கல்பட்டு, மதுராந்தகம், கல்பாக்கம் என்று சுற்றின ஆளை இப்போது பின்னறையில், ஆறடிக்கு மூணடிக் கட்டிலில் போட்டு வைத்திருக்கிறது. மேலே ஃபேன். அதற்கு மூன்று இறக்கை. தினமும் எண்ணிப் பார்க்கிறேன், மூன்றுதான் இருக்கிறது. ஒன்றுக்குப் போவதற்குக்கூட ஆள் கூப்பிட வேண்டும். “கண்டக்டரம்மா, ஸ்டாப்பிங் வந்துட்ச்சு” என்று குரல் கொடுப்பேன். உங்கம்மா முதல் வாரம் சிரித்தாள். இப்போது டப்பாவை எடுத்துக்கொண்டு வருகிறாள், அவ்வளவுதான். அவள் புடவைத் தலைப்பு கதவைத் தாண்டி வெளியே போகும்போது பார்த்துக்கொண்டே இருப்பேன். கிணற்றடிக்குப் போகிறாளா, கடைக்குப் போகிறாளா, எங்கேயோ போகிறாள். எனக்கு அவள்மேல் பொறாமை வருகிறது என்று சொன்னால் நம்புவாயா? கட்டின பொண்டாட்டி தெருவில் நடப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுகிற முதல் ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். அறைக்கு ஒரே ஜன்னல், மேற்கே பார்த்தது. அதில் தெரிவது நம் முக்கால் காணி வேர்க்கடலை, அது முடிகிற இடத்தில் சீமைக்கருவேல் முள்வேலி, அதற்கப்பால் ஏரி. கட்டிலிலிருந்து வேலிக்கு நூறடி இருந்தால் அதிகம். அந்த நூறடியை இந்த ஜென்மத்தில் எப்போது நடப்பேனோ என்று இருக்கிறது.

நீ கொடுத்த, இருட்டில் பார்க்கிற அந்த ஒற்றைக்கண் குழாய் மட்டும் இல்லாவிட்டால் நான் இந்நேரம் ஃபேனோடு பேச ஆரம்பித்திருப்பேன். அது என் கைக்கு வந்த ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், புதுப்பட்டினத்தில் உன் மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நான் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கிளப்பி பைக்கில் உட்காரவைத்து சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைத் தாண்டி மணலுக்குக் கூட்டிப்போனாய். “ஊர்ல இருக்கிற மாப்பிளைங்க பொண்டாட்டியக் கூட்டிகினு மாமல்லபுரம் போறான். நீ அப்பனைக் கூட்டிகினு ஆமை பாக்க வந்துகிற. உன் மாமியாரு இன்னா நெனப்பா?” என்று கேட்டேன். “உன் மருமவதான் நைனா உன்னை இட்டுகினு போகச் சொன்னா. சும்மா வாய மூடிகினு வா. டார்ச் அடிக்காத” என்றாய். அரை மணி நேரம் மணலில் குப்புறப் படுக்கப் போட்டாய். அப்புறம் குழாயைக் கண்ணில் வைத்தாய். வெளியே பார்த்தால் கும்மிருட்டு, குழாய்க்குள்ளே பார்த்தால் பழைய கறுப்பு வெள்ளை டீவி. அதில் மணல் தெரிந்தது, அந்த மணலில் கவிழ்த்துப்போட்ட சட்டி ஒன்று நகர்ந்தது. ரெண்டு துடுப்பாலும் மண்ணை வாரி வாரிப் பின்னால் தள்ளிக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலை இல்லாமல் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது. நான் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நீயே ஆச்சரியப்பட்டிருப்பாய்.

திரும்பி வரும்போதுதான் நீ அதைச் சொன்னாய். “இது உனக்குத்தான் நைனா. ரொம்ப வெல இல்ல, ஒரு சுமாரான போனு வெலதான். நீ சுருக்கெல்லாம் எடுத்துட்ட இல்ல, இனிமே பன்னி வந்தா வூட்ல இருந்துகினே இதுல பாரு, தகரத்தத் தட்டி வெரட்டு. அடிக்கறதுக்கு பதிலா பாரு.” நீ சொல்லும்போது உன் குரல் இளகி இருந்தது. நான் அந்தக் குழாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது நான் எழுத வேண்டியது இதுதான். நான் சுருக்கு எதையும் எடுக்கவில்லை.

கார்த்திகையில் நீ வீட்டுக்கு வந்து சண்டை போட்டாயே, அன்றைக்கு வேலியில் ஆறு சுருக்கு இருந்தது. வண்டி கிளட்ச் கம்பியை வளையமாக முடிந்து, பன்றி நுழைகிற இடுக்கில் தொங்கவிட்டு, மறுமுனையை முளையில் கட்டியிருப்பேன். கட்டின இடம் மறந்துபோகாமல் இருக்க உங்கம்மாவின் பழைய பச்சைப் புடவையைக் கிழித்து ஒவ்வொரு சுருக்குக்கும் மேலே ஒரு துண்டு முடிவது என் வழக்கம். நீ அந்தத் துண்டுகளை எண்ணிவிட்டு வந்து, “ஆறு கட்டிகிற. இந்த எடத்துல ஒரு முயலோ நரியோ மாட்டிகினு கெடந்து சாவும், நான் கட்டிக்கப் போறவளக் கூட்டிகினு இங்க வரணுமா? எடுத்தாத்தான் வருவேன்” என்றாய். மறுநாள் கருங்குழி மெக்கானிக் கடையில் போய்த் தேய்ந்துபோன கிளட்ச் கம்பி ஆறு கேட்டு வாங்கினேன். அதில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்தேன். உன் முன்னால் கொண்டுவந்து போட்டு, “இந்தா ஆபீசர், எண்ணிக்கோ” என்றேன். நீ எண்ணினாய். ஆறு இருந்தது. வேலியிலிருந்து நான் எடுத்தது ஆறு பச்சைத் துண்டு மட்டும்தான், நீ திரும்பப் போய்ப் பார்த்தாலும் தெரியக் கூடாது என்று.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். போன வருஷம் காட்டுப் பன்றிகள் பாதிக் கொல்லையைப் புரட்டிப்போட்டன, அது ஒரு காரணம். கடலை பிடுங்கின பிறகு நிஜமாகவே எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன், அது ரெண்டாவது. ஆனால் அடியில் கிடந்த காரணம் வேறு. நீ சொல்லி நான் கேட்பதா என்பதுதான் அது. எனக்கு உன்னோடு சண்டை போடத் தெரியாது, பதில் சொல்லவும் தெரியாது. ஏய்க்கத் தெரியும், கேலி பண்ணத் தெரியும்.

உனக்கு ஒன்பது வயசிருக்கும்போது விடியற்காலையில் சுருக்குப் பார்க்க உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். முயல் ஒன்று உயிரோடு மாட்டியிருந்தது. கம்பியைக் கழற்றி, “காதைப் புடிச்சிகினு நில்லுடா” என்று உன் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்தால் நீ வெறுங்கையோடு நிற்கிறாய். “நழுவிட்ச்சு நைனா” என்றாய். நழுவவில்லை, நீதான் விட்டாய் என்று உன் மூஞ்சியிலேயே எழுதியிருந்தது. நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். டீக்கடையில் சொன்னேன், உன் வாத்தியாரிடம் சொன்னேன். முயலு, முயலு என்று உன்னைக் கூப்பிட்டு, தெருப் பிள்ளைகளும் கூப்பிட்டு, நீ பத்தாவது படிக்கிறவரைக்கும் அந்தப் பேர் போகவில்லை. உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, “எங்க முயலுக்கு ஒரு கேரட்டு கெடச்சிட்ச்சு” என்றேனே, சம்பந்தி வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள், மருமகளும் சிரித்தாள். நீ மாலையை சரிபண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டாய். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு ஜோக் சொன்னேன்.

சரி, குழாய்க்கு வருகிறேன். உங்கம்மா அதை முதலில் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டாள், விலை ஜாஸ்தியோ என்னவோ என்று. நான் விழுந்து, படுத்து, பத்து நாள் ஃபேன் பார்த்த பிறகுதான் கேட்டு வாங்கினேன். ஜன்னல் வழியே வைத்துப் பார்த்தால் ஒரே வெள்ளை, பால் கொட்டின மாதிரி. மலிவுச் சாமான், பழுதாகிவிட்டது என்று உன்னைத் திட்டினேன். ரெண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. குழாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் போகிறது இல்லையா, அது ஜன்னலில் அடித்திருக்கிற கொசுவலையில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கண்ணாடி ஜன்னலாக இருந்தாலும் இதே கதைதான். கத்தரிக்கோலை எடுத்து வலையில் ஒரு கை அகலத்துக்குச் சதுரமாக வெட்டினேன். உங்கம்மா வந்து பார்த்து, “யோவ், கால்தான் ஒடஞ்சுதுன்னு நெனச்சேன், மூளையுமா? கொசுவுக்கு வாசல் வச்சு வுட்டுகிற?” என்றாள். “கொசு வரட்டும் மே. இந்த வூட்டுக்கு விருந்தாளி வந்து எத்தினி நாளாச்சு” என்றேன். அந்த ஓட்டையில் குழாய் மூக்கை நுழைத்ததும் கொல்லை முழுக்கத் தெரிந்தது. மகனே, நான் அந்தக் கட்டிலை விட்டு இறங்கி நடந்த மாதிரி இருந்தது.

அதன் சூட்சுமம் எல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றாவிட்டால் படம் ஆடும். வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் கிட்டத்தில் இருப்பது வெளுத்துப்போகும், சார்ஜும் ரெண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். டப்பாவில் போட்டிருக்கிற தூரத்தை நம்பக் கூடாது. வேலிவரைக்கும் மிருகம் மிருகமாகத் தெரியும், அதற்கப்பால் ரெண்டு புள்ளி மினுக்கும், அவ்வளவுதான். பார்த்த கண்ணை வெளியே எடுத்தால் கொஞ்ச நேரம் அது குருடு. அந்த நேரம் பார்த்து உங்கம்மா கஞ்சி கொண்டுவந்தால் கிண்ணத்துக்குப் பதில் அவள் மூக்கைப் பிடிப்பேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டவள் நாலே நாளில், “கொஞ்சம் குடு, நானும் பாக்கறேன்” என்று கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். வரப்பில் பக்கிக் குருவி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். பனைமரத்தில் மரநாய் ஏறுவதைப் பார்த்தோம். பன்றிக் கூட்டம் ஏரியிலிருந்து ஏறி வருவதை முன்னாலேயே பார்த்து அவள் ஓடிப்போய்த் தகரத்தைத் தட்டினாள். நாலு தடவை விரட்டியிருக்கிறாள். நீ சொன்னது சரிதான், அதற்குச் சுருக்கே வேண்டியதில்லை. இருபத்தைந்து வருஷத்தில் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது கிடையாது.

அப்புறம் அந்த நரிகள். ஜோடியாக வரும். நன்றாக இருட்டின பிறகு ஏரிக்கரை மேலிருந்து இறங்கி, வரப்பில் எலி பிடிக்கும். பெட்டைக்கு மடி தொங்கிக்கொண்டிருந்தது. குட்டி போட்டு கரையில் எங்கேயோ வளையில் வைத்திருக்கிறது என்று உங்கம்மா சொன்னாள். கடுவன் முன்னால் வந்து நின்று நம் ஜன்னலைப் பார்க்கும். குழாய் முனையில் சிவப்பாக ஒரு பொட்டு எரிகிறது இல்லையா, அது அதற்குத் தெரிகிறது போல. பத்துப் பன்னிரண்டு நாள் வந்தது. “தினம் நரி மொகத்துல முழிக்கிறோம், நமக்கு இன்னா அதிர்ஷ்டம் வரப்போவுதோ” என்று உங்கம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான், “உன் மொகத்துல முழிச்சே இந்தக் கெதி, நரியாவது காப்பாத்துதா பாப்போம்” என்பேன். நரிகள் இறங்குகிற வழியில் என் சுருக்கு இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் அவை இடுக்கைத் தாண்டுகிறவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். தாண்டியதும் சிரிப்பேன். யாரையாவது அனுப்பிக் கழற்றச் சொன்னால், எடுக்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். கால் கூடட்டும், நானே போய் எடுத்துக்கொள்கிறேன் என்று அதையே தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை, ராத்திரி மூணு மணி இருக்கும், ஒரு சத்தம் கேட்டுக் குழாயை எடுத்துப் பார்த்தேன். கடுவன் மட்டும் வேலி ஓரமாக இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், இடுக்கில், தரையோடு தரையாக ரெண்டு கண் மினுக்கியது. நகரவில்லை. உங்கம்மாவை எழுப்பினேன். அவள் குழாயை வாங்கிப் பார்த்தாள். “ஐயோ, குட்டி போட்டதாச்சே இது. எந்தப் பாவி கட்டிகிறான் பாரு நம்ம வேலில” என்றாள். “உன் தம்பியக் கூப்புடு” என்று மட்டும் சொன்னேன்.

உன் மாமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கு, கம்பு, கட்டிங் பிளேயரோடு வந்தான். டார்ச் அடித்தால் அது மிரண்டு இழுக்கும், கால் அறுந்துவிடும் என்று நான் தடுத்தேன். நிலா இல்லை. அவன் இருட்டில் போக, நான் குழாயில் பார்த்து போனில் வழி சொல்வது என்று முடிவானது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தேன். உங்கம்மா பக்கத்தில் நின்றாள்.

“நேரா போ. அப்பிடியே. இப்ப சோத்துக்கை பக்கம் ரெண்டு அடி.”

“மாமா, ஒண்ணுமே தெர்ல. நீ படுத்துகினு ஜாலியா ரைட்டு லெஃப்டுன்னு சொல்லிகினுகிற. இங்க என் உசுரு போவுது.”

“இருபது வருஷம் நான் ரிவர்ஸ் எடுக்கும்போது நீ பின்னால நின்னு வா வான்னு கத்துனியே, அதுக்கு இது சரியாப் போச்சு. போடா.”

அவன் சிரித்துக்கொண்டே வரப்பு ஓரமாகக் காலை எடுத்து வைத்தான். அந்த ஓரத்தில், பனங்கன்று பக்கத்தில், இன்னொன்று இருக்கிறது.

“டேய், நில்லு. அந்தப் பக்கம் போகாத. வாய்க்கால்ல எறங்கிப் போ.”

“ஏன் மாமா? வாய்க்கால்ல முள்ளு கீது. இப்பிடியே போறனே.”

“சொன்னா கேளு, போகாத.”

“இன்னா கீது இங்க?”

உங்கம்மா என்னைப் பார்க்கிறாள். இருட்டில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, குழாயில் வைத்திருந்த கண்ணும் குருடு. ஆனாலும் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஒரு ஜோக் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அது வெளியே வருவதற்குள் அவன் அடுத்த காலை எடுத்து வைத்துவிடுவான்.

“அங்கயும் சுருக்கு கீதுடா. நான் கட்டுனது. எல்லாம் நான் கட்டுனதுதான்.”

போனில் தண்ணீரில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. அவன் வாய்க்காலில் இறங்கிப் போனான். சாக்கை நரியின் தலைமேல் போட்ட பிறகு சட்டைப்பையில் இருந்த போன் லைட்டைப் போட்டுக்கொண்டு, கம்பால் கழுத்தை அழுத்திக்கொண்டு, ஒற்றைக் கையால் கம்பியை வெட்டினான். வளையத்துக்குப் பக்கத்தில் கை போகவில்லை, கடித்துவிடும். முளைப் பக்கமாகத்தான் வெட்ட முடிந்தது. நரி சாக்கை உதறிவிட்டு ஒரே பாய்ச்சலில் கரை ஏறியது, மூன்று காலில். பின்னங்காலில் வளையம் அப்படியே இருக்கிறது, ஒரு முழம் கம்பியும் இழுபடுகிறது. உன் மாமன் திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டே, “எலும்பு தெரியுது மாமா. ரொம்ப நேரமா இழுத்துகினு இருந்திருக்கும். கொஞ்சம் முன்னால பாத்திருந்தா தோலோட போயிருக்கும்” என்றான். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

உங்கம்மா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். இறங்கி எங்கேயாவது ஓடிவிடலாம் என்றால் ராடு விடாது. திட்டு வாங்கினால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவது என் பழக்கம் இல்லையா, இப்போது திட்டும் இல்லை, டீக்கடையும் இல்லை. அவளும் உன் மாமனும் பகலில் கம்பால் தட்டித் தட்டி வேலி முழுக்கத் தேடினார்கள். நாலு கிடைத்தது. நரி காலில் ஒன்று. இன்னும் ஒன்று எங்கேயோ இருக்கிறது. அடையாளத் துணியை எடுத்தவன் நான்தானே, எனக்கே ஞாபகம் வரவில்லை. மேற்கு மூலையிலா, ஏரி மதகுக்குப் போகிற வழியிலா? மூன்றாம் நாள் அவள் ஒரு நோட்டையும் பேனாவையும் கட்டில்மேல் போட்டாள். “நான் சொல்ல மாட்டேன். போன்லயும் நீ சொல்லாத, சிரிச்சு மழுப்பிடுவ. ஒக்காந்து எழுது. அவன் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்” என்றாள். அவள் சொன்னதில் கடைசி வார்த்தைதான் என்னை இந்த ஐந்து நாளாகத் தூங்கவிடவில்லை.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. இருந்தாலும் அப்பனாகப் பிறந்துவிட்டேன், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டில் அந்தப் பெண் உன்னை ஒரு கேள்வி கேட்டால் பதிலைச் சொல்லு. நீ என் மகன், உனக்கும் வாயில் கேலி தயாராக இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். அவள் சிரித்துவிடுவாள். சிரித்ததால் கேள்வி போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உங்கம்மா இருபத்தைந்து வருஷம் சிரித்திருக்கிறாள். ஒரு கேள்வியும் போகவில்லை, எல்லாம் அவளிடம் பத்திரமாக இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. முயலை நீ விட்டாய் என்பதற்காக நான் உன்னைப் பார்த்துச் சிரித்தது தப்பு. அன்றைக்கு அந்த இடத்தில் நின்ற ரெண்டு பேரில் ஆம்பிளை மாதிரி நடந்துகொண்டது நீதான்.

நரி இன்னும் உயிரோடு இருக்கிறது. தினமும் வருகிறது, மூன்று காலில். வரப்பில் உட்கார்ந்து கம்பியைப் பல்லால் கடிக்கிறது. கால் வீங்கிவிட்டது, வளையம் சதைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. உன்னோடு ஆமை பார்க்க வருகிற பையன்களில் ஒருவன் மாட்டு டாக்டருக்குப் படித்தவன் என்றாயே, மயக்க ஊசி போட்டு எடுக்க முடியுமா என்று கேள். வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லு. யார் கட்டியது என்று கேட்பார்கள், என் பேரைச் சொல்லு. கேஸ் போட்டால் போடட்டும். ஓடிப்போக மாட்டேன் என்று உனக்கே தெரியும். உன் குழாயை எடுத்துப்போவதானாலும் எடுத்துப் போ. நான் பொய் சொல்லி வாங்கினது அது.

இத்தோடு முடித்து, மடித்து, உங்கம்மாவிடம் கொடுக்கத் தயாராகத் தலைமாட்டில் வைத்திருந்தேன். விளக்கை அணைத்த பிறகு திரும்ப எடுத்துப் பிரித்துவிட்டேன். மேலே ஒரு இடத்தில் மூணு மணி என்று எழுதியிருக்கிறேன். அது பொய். நான் அந்த நரியைப் பார்த்தது ஒன்பது மணிக்கு. உங்கம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கடுவன் ஓடுவதைப் பார்த்தேன், இடுக்கில் அந்த ரெண்டு கண்ணைப் பார்த்தேன், என் சுருக்கு என்று தெரிந்தது. குழாயை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவள் வந்து, “இன்னைக்கு ஒண்ணும் வரலயா?” என்று கேட்டாள். “ஒண்ணும் வரல மே, படு” என்றேன். அறுத்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். அதுகூட இல்லை. செத்துவிட்டால் காலையில் எவனோ கட்டினது என்று சொல்லிப் புதைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆறு மணி நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அது அங்கே இழுத்துக்கொண்டிருந்தது. மூணு மணிக்கு மனசு இளகி உங்கம்மாவை எழுப்பினேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அது கத்த ஆரம்பித்தது. ஊர் விழித்துக்கொள்ளுமே என்ற பயத்தில் எழுப்பினேன். உன் மாமன், கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் என்று சொன்னபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இது உங்கம்மாவுக்குத் தெரியாது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உனக்கு எழுதிவிட்டேன். கடிதத்தை ஒட்டாமல்தான் அவளிடம் கொடுக்கப் போகிறேன். ஒட்டாமல் கொடுத்தால் அவள் தபால் பெட்டிக்குப் போகிற வழியில் நின்று படிப்பாள், எனக்குத் தெரியும். படித்துவிட்டுத் திரும்பி வருவாள். நான் இங்கேயேதான் இருப்பேன்.